ஒழுங்கைக்கு அங்கால ஒரு நாடி

"ஆரு சொன்ன?" என்று கேட்காமல் ராத்தா எதையும் ஏற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் கொண்டக்டர் "பொம்புளையள் முன்னுக்கு வாங்க" என்றால் பின்சீற்றில் இருந்தபடியே கேட்பார். முதலாளி "கறுப்பு அபாயாவுக்குக் கறுப்பு நூல்தான்" என்றாலும் கேட்பார். கேட்டுவிட்டுக் கறுப்பு நூலையே கோர்ப்பார். ஆனால் கேட்காமல் கோர்க்க மாட்டார்.

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் அந்த அபாயாத் தையல் கடை இருந்தது. ராத்தாவின் மெசினுக்கு அடுத்தது என்னுடையது. எங்கள் எல்லாரையும் விட மூத்தவர் என்பதால் கடை முழுவதற்கும் அவர் ராத்தா. நான் அவருக்கு நேர்மாறு. யாராவது ஒன்றைச் சொன்னால் அதைச் செய்து முடித்த பிறகுதான், இதை ஏன் செய்தோம் என்று யோசிப்பேன். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள், பிறகு தையலுக்கு வந்தவள். பேச வேண்டிய இடங்களில் என் வாய் திறப்பதில்லை.

ராத்தாவின் மெசின் தலையில், நூற்கட்டை குத்தும் கம்பிக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பச்சை லைட் ஒட்டியிருந்தது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் வீட்டில் இருக்கும் அவருடைய கணவரின் நாடி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் இங்கே அது ஒருமுறை மினுங்கும். முதல் நாட்களில் அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்நிய ஆண்களின் முகத்தையே நேரே பார்க்காதவள் நான். ஒரு மனிதரின் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படித் தைப்பது? மற்றவர்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

"ராத்தா, மச்சான்ட லைட் இண்டைக்கு ஓடுற ஓட்டத்தப் பாருங்க. என்ன ஆக்கி வெச்சிட்டு வந்த நீங்க?"

"கணவாய்க் கறி."

"அதானே பாத்தன். எங்கட வீட்டு மனிசனுக்கு இத பூட்டினா எரியவே எரியாது."

"உன்ட கறியத் திண்டா எப்பிடி எரியும்?" என்பார் ராத்தா, துணியிலிருந்து தலையைத் தூக்காமலே.

அந்த லைட் அங்கே வந்து சேர்ந்த கதைதான் அந்தப் பெண்ணின் முழுக் குணமும்.

மச்சான் என்று நாங்கள் சொல்லும் அவருடைய கணவர் கடலில் மீன் பிடித்தவர். இருதயம் பலவீனமான பிறகு வள்ளத்தில் ஏறுவதில்லை. சில வேளைகளில் அவருடைய நாடி திடீரென்று மெதுவாகும், தலை சுற்றும், விழுந்துவிடுவார். கிளினிக்கில் டொக்டர், நாடியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், விழுந்தால் அந்த நேரமே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். டொக்டரிடம் மட்டும் ராத்தா "ஆரு சொன்ன?" என்று கேட்கவில்லை. மச்சானின் தம்பிமார் இருவர் கேட்பதற்கு இடம் வைத்தார்கள்.

"மதினி, நீங்க வேலைக்குப் போனது காணும். வீட்டுச் செலவை நாங்க பாப்பம். நீங்க காக்காவோட இருங்க."

"ஆரு சொன்ன?"

"ஆரு சொல்லணும்? ஊரே சொல்லுது, புருசன் கிடக்கிறான் பொஞ்சாதி கடையில எண்டு."

"ஊரு வந்து அவருக்குப் பக்கத்தில இருக்குமா?"

"ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்பம். பொறவு நாங்களே முதலாளியோட கதைச்சு உங்கள நிப்பாட்டுவம்."

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. காக்கா என்று அழைக்கும் அண்ணனில் உயிரானவர்கள். அதனால்தான் அவர்களை எதிர்ப்பது கடினமாக இருந்தது. ராத்தாவின் மெசினுக்கு மருதமுனையிலிருந்து இன்னொரு பெண் கேட்டு வந்து போனதும் கடைக்குள் எல்லாருக்கும் தெரியும். எழும்பினால் அந்தக் கதிரை திரும்பக் கிடைக்காது.

"நான் பக்கத்தில இருந்து பாத்துக்கிட்டே இருந்தா அவர் நோயாளி," என்று ராத்தா எனக்குச் சொன்னார். "நான் வேலைக்குப் போய்ட்டு வந்தா அவர் வீட்டுக்காரன். இது அவனுகளுக்கு விளங்காது புள்ள."

போனில் யாரோ ஒருவர் விரலில் ஒரு சென்சரை வைத்து, கம்பியில்லாமல் நாடியை இன்னோர் அறைக்கு அனுப்பும் வீடியோவை ராத்தா பார்த்திருந்தார். வாசிகசாலை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் இலத்திரனியல் தொடக்க வகுப்பு நடப்பதையும் விசாரித்து வைத்திருந்தார். தனியே போக மனமில்லாமல் என்னையும் இழுத்தார்.

"நான் என்னத்துக்கு ராத்தா?"

"வாயத் தொறக்கத் தேவல்ல. கைய மட்டும் கொண்டா. நீ பாத்து எழுதினா ஒரு புள்ளிகூடப் பிசகாது."

வகுப்பில் எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள். பின்வரிசையில் நாங்கள் இரண்டு அபாயாக்கள். மைக்ரோகொன்ட்ரோலர் என்றால், சொல்லிக்கொடுத்த ஒரே வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிற சின்ன மூளை என்று படிப்பித்த சேர் விளங்கப்படுத்தினார். "முதலாளிக்கு விருப்பமான சாமான்" என்று ராத்தா என் காதுக்குள் சொன்னார். சேர் மேசையில் அந்த மூளை பதித்த மூன்று மின்சுற்றுப் பலகைகளை வைத்தார். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, மற்றது நகத்தளவு சிறியது. ராத்தா எழும்பி மேசைக்கே போய்விட்டார்.

"புதுசாப் படிக்கிற எல்லாரும் நீலத்தில தொடங்கிறதுதான் நல்லம்," என்றார் சேர்.

"ஆரு சொன்ன?"

வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்தார். "நான்தான் சொல்றன் ராத்தா. பாடமெல்லாம் அதிலதான் இருக்கு. பிழை விட்டாலும் லேசில எரியாது."

"கம்பி இல்லாமக் கதைக்குமா?"

"தனியக் கதைக்காது. அதுக்கு வேற ஒரு துண்டு பூட்டணும். நீங்க சொல்ற சென்சர் மூணு வோல்ட்டுச் சாமான், நீலம் அஞ்சு வோல்ட். நடுவில அதுக்கும் ஒரு துண்டு வரும்."

"அப்ப ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு தரகர். இந்தச் சின்னது?"

"அது புளூடூத்தில கதைக்கும். பொத்தான் பெட்டறியிலயே கனநாள் ஓடும்."

ராத்தா அதை உள்ளங்கையில் வைத்து ஆசையோடு பார்த்தார். "இதுல பிழை விட்டா ஆரிட்டக் கேக்கிற?"

சேர் கொஞ்சம் யோசித்தார். "உண்மையச் சொன்னா, இத பாவிக்கிற ஆக்கள் குறைவு. நானும் இன்னும் செஞ்சு பாக்கல்ல."

ராத்தா அதைக் கவனமாகத் திரும்ப வைத்தார். "நான் பிழை விடுவன் சேர். அது நிச்சயம். எனக்கு முந்தி அதே பிழைய விட்ட ஆக்கள் இருக்கணும்."

கறுப்புப் பலகைக்கு அப்படி ஆட்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். வைஃபையும் புளூடூத்தும் அதன் உள்ளேயே இருந்தன. சென்சரைப் போல அதுவும் மூன்று வோல்ட். ஒரே குறை, பெட்டறியைக் குடிக்கும் என்றார் சேர்.

"மச்சான் தேத்தண்ணி குடிக்கிற மாதிரியா?"

"அத விட."

"அப்ப சட்டைப் பைக்குள்ள பவர்பேங்க் ஒண்ட போட்டுடுவம்."

அது தினமும் கரண்ட் வெட்டிய காலம். பலகை நாடியை இணையத்துக்கு அனுப்பும், அங்கிருந்து போனுக்கு வரும் என்று சேர் சொன்னபோது ராத்தா கையை நீட்டி அவரை மறித்தார்.

"கரண்ட் போனா?"

"ரவுட்டர் நிண்டிடும்."

"கடையில போன் மேசையில வெக்க விடாங்க. அதையும் விடுங்க. அவருட நாடி கடல் தாண்டிப் போய், எந்த ஊருலயோ இருக்கிற பெட்டிக்குள்ள ஏறி, திரும்பி எனக்கு வரணுமா? நான் ஒழுங்கைக்கு அங்காலதானே இருக்கன். நேரா வந்தா என்ன?"

சேர் தாடையைத் தடவினார். "ரெண்டு கறுப்புப் பலகை எடுத்தா, அதுகள் ரெண்டும் தங்களுக்குள்ள நேராக் கதைக்கும். ரவுட்டர் தேவல்ல. ஆனா அது புதுசாப் படிக்கிறவங்களுக்குக் கஷ்டம்."

"ஆரு சொன்ன?"

"அதையும் நான்தான்."

அவர் சொன்னது பொய்யல்ல. கஷ்டமாகத்தான் இருந்தது. சேர் பக்கத்தில் இருந்து காட்டித் தராவிட்டால் அந்த இரண்டு பலகைகளும் இன்றுவரை ஒன்றையொன்று அறிந்திருக்காது. நிரலை நான் பார்த்துப் பார்த்து எழுதினேன். அடிக்கு ஒரு பச்சை மினுக்கம். நாடி மிகவும் மெதுவானால் அல்லது காணாமல் போனால் சிவப்பு லைட்டும் ஒரு சத்தமும். "இது டொக்டர் இல்ல, ராத்தா," என்று சேர் பலமுறை எச்சரித்தார். "டொக்டர் ஆருக்கு வேணும்?" என்றார் ராத்தா. "எனக்குக் கூப்பிடு குரல் போதும். ஒன்பது மெசின் ஓடக்குள்ள அவர் கூப்பிட்டா எனக்குக் கேக்கிறல்ல."

கல்முனை பஸாரில் சொல்லிவைத்த சென்சர் பெருநாளைக்கு முந்திய நாள்தான் கைக்கு வந்தது. பெருநாள் கழிந்த மறுநாள் ராத்தாவின் குசினியில் அதைப் பலகையோடு இணைத்து, அவர் விரலை வைத்தார். ஒன்றும் வரவில்லை. நான் வைத்தேன். என் போன் திரையில் எண்கள் மேலும் கீழும் குதித்தன, பிறகு செத்துப்போயின. கம்பிகளைக் கழற்றித் திரும்பப் பூட்டினோம். எழுதியதை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம். எங்களுக்கு முந்திப் பிழை விட்டவர்களின் பக்கங்களையெல்லாம் போனில் தேடினோம். அவர்கள் விட்ட பிழை ஒன்றையும் நாங்கள் விட்டிருக்கவில்லை. ஊருக்குப் போயிருந்த சேர், "வேணுமெண்டா நீலத்தில பூட்டிப் பாருங்களன்" என்று போனில் சொன்னார்.

பெருநாள் பலகாரமான வட்டிலாப்பத்தோடு வந்த தம்பிமாரில் ஒருவர் மேசையை எட்டிப் பார்த்தார். "என்ன மதினி, விளையாட்டுச் சாமானா?" ராத்தா துணியால் மூடினார். பெருநாள் லீவு முடிந்து தையல் கடை திறக்க இரண்டு நாள்தான் இருந்தது.

"மச்சான்ட விரலை வெச்சுப் பாப்பமா?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"என்ட விரல்ல ஓடாத ஒண்ட அவருட விரல்ல வெக்க மாட்டன். ஓடாட்டி, சாமான் பழுதா தான் பழுதா எண்டு அந்த மனிசன் பயந்திடும்."

மறுநாள் பஸாருக்குப் போனோம். கடைக்காரர் அமைதியான மனிதர். கடையில் நல்ல கூட்டம். ராத்தா பொருட்களையெல்லாம் கண்ணாடி மேசையில் பரப்பினார்.

"போலிச் சாமானத் தந்திருக்கீங்க."

கடைக்காரர் பவர்பேங்கைச் செருகித் தன் விரலை வைத்தார். லைட் மினுங்கியது. என் போனில் எண் வந்து நிலையாக நின்றது. பக்கத்தில் நின்ற ஒருவரை வைக்கச் சொன்னார். ஓடியது. பெட்டறி வாங்க வந்த ஒரு பெரியவர் தானாகவே விரலை நீட்டினார். அவருக்கும் ஓடியது. ராத்தா வைத்தார். செத்துப்போனது.

"இது ஆம்பிளையளுக்கு மட்டும் போல, ராத்தா," என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆரு சொன்ன?" என்றார் ராத்தா. அந்த ஒருமுறைதான் அந்தச் சொல் பலமில்லாமல் வந்ததை நான் கேட்டேன்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. என் இடதுகைச் சுட்டுவிரலில் பெருநாளைக்கு முந்தி மெசின் ஊசி ஏறியிருந்தது. காயம் மூடிவிட்டாலும் எரியும் என்று பயந்து அந்த விரலில் மட்டும் நான் மருதோண்டி போடவில்லை. மற்ற ஒன்பது விரல் நுனியிலும், கடைப் பெண்கள் எல்லாரையும் போல, கறுப்பாகப் பிடிக்கும் டியூப் மருதோண்டியைத் தொப்பி தொப்பியாக வைத்திருந்தேன். அந்த ஒரு வெறும் விரலை நீட்டிச் சென்சரில் வைத்தேன். லைட் மினுங்கியது.

சிரிப்பு நின்றது. ராத்தா என் கையைப் பிடித்துப் பக்கத்து விரலை வைத்தார். செத்தது. திரும்பச் சுட்டுவிரல். மினுங்கியது. தன் பத்து விரல்களையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பத்துக் கறுப்புத் தொப்பிகள்.

"மருதோண்டி," என்றார்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "வெளிச்சம் தோலுக்குள்ள போய்த் திரும்பி வரணும். இந்தக் கறுப்பு அத விடுதில்லப் போல. இத நான் கேள்விப்படவே இல்ல ராத்தா."

"எப்பிடிக் கேள்விப்படுவீங்க? எங்களுக்கு முந்திப் பிழை விட்டவங்க ஒருத்தரும் பெருநாளைக்கு மருதோண்டி போட்டிருக்க மாட்டாங்க." ராத்தா நிமிர்ந்தார். "போலிச் சாமான் எண்டு நான் சொன்ன பிழை. அந்தச் சொல்லத் திரும்ப எடுக்கன். ஆம்பிளையளுக்கு மட்டும் எண்டத நீங்க எடுங்க."

"எடுத்துட்டன்," என்றார் கடைக்காரர்.

பஸ்ஸில் திரும்பும்போதே என்னை எழுத வைத்தார். அந்தப் பலகைக்காரர்கள் கூடும் பக்கத்தில் தமிழிலேயே போட்டேன்: கறுப்பு மருதோண்டி போட்ட விரலில் இந்தச் சென்சர் ஓடாது, வெறும் விரலை வையுங்கள், பலகையைக் குறை சொல்லாதீர்கள். கன நாட்களுக்குப் பிறகு நிந்தவூரிலிருந்து ஒரு பெண், தன்னுடையது பழுதென்று எறியப் பார்த்ததாக எழுதியிருந்தார். ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நமக்குப் பின்னாலயும் ஆள் வந்துட்டு," என்றார். அவர் அவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று பின்னேரமே மச்சானின் விரலுக்கு, வெட்டி மிஞ்சிய அபாயாத் துணியில் ஓர் உறை தைத்தார். வெளி வெளிச்சம் உள்ளே போகாத கறுப்பு. சென்சர் உள்ளே, கம்பி கை வழியே சட்டைப் பைக்கு. மச்சானுக்குக் கறுப்புப் பிடிக்கவில்லை. "என்ட விரலுக்கும் அபாயா போட்டுட்டியா?" என்று கேட்டார். ஆனால் கழற்றவில்லை.

கடை திறந்த நாள், நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, தம்பிமார் இருவரும் வந்தார்கள். பெண்கள் இருக்கும் இடமென்று உள்ளே வராமல் வாசல் திரைக்கு வெளியே நின்றார்கள். முதலாளி எழும்பினார். எல்லா மெசினும் நின்றது.

"மதினி, சொன்ன சொல்லு ஞாபகமா? எழும்பி வாங்க. காக்கா தனிய."

ராத்தா எழும்பவில்லை. இருந்தபடியே கையை நீட்டி, தன் மெசினுக்குப் பக்கத்திலிருந்த அந்தத் திரையை விலக்கினார்.

"இந்த லைட்டப் பாருங்க ரெண்டு பேரும். இது மினுங்கிற ஒவ்வொண்டும் உங்கட காக்காட நாடி. நான் அவருக்குப் பக்கத்திலதான் இருக்கன். உங்கள விடக் கிட்ட இருக்கன்."

தம்பிமாரில் மூத்தவர் பார்த்தார். முதலாளியும் வந்து குனிந்து பார்த்தார். பச்சை மினுங்கிக்கொண்டிருந்தது. இளையவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

பச்சை நின்றது.

சிவப்பு எரிந்தது. சத்தம் கிளம்பியது. ராத்தா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, இரண்டு ஆண்களுக்கும் நடுவால் புகுந்து ஒழுங்கையில் ஓடினார். செருப்புப் போடவில்லை. தம்பிமார் பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன், ஏன் என்று யோசிக்காமல். வீட்டுக்குள் மச்சானைக் காணவில்லை. கட்டிலில் கறுப்பு உறை கிடந்தது. ராத்தா ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மச்சான் முழங்கை வரை ஈரமாக, தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒழு எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லாரையும் கண்டு பயந்துபோனார்.

"என்ன, ஆரும் மவுத்தா?"

இளையவர் சிரித்துவிட்டார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "பாத்தீங்களா மதினி உங்கட சாமானின்ட லட்சணம்! ஒரு நாளைக்கு அஞ்சு நேரம் ஒழு எடுப்பார். அஞ்சு நேரமும் ஓடுவீங்களா?"

ராத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"லைட் நிண்டிச்சு. நான் வந்துட்டன். நீங்களும் வந்துட்டீங்க. இவர் ஒழு எடுக்காம விழுந்து கிடந்திருந்தா, இப்ப தூக்க நாலு பேர் நிக்கம். இதுக்கு மேல அது என்ன செய்யணும்?"

மச்சான் காலைக் கழுவி முடித்தார். பிறகு தம்பிமாரிடம் மெதுவாகச் சொன்னார்.

"பெருநாள் லீவு முழுக்க இவ என்ட நெஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் இருமினாலும் எழும்பிறா, இருமாட்டியும் எழும்பிறா. எனக்கு அதுதான்டா பெரிய வருத்தம். அவளப் போக விடுங்க. ஒழுவுக்கு முந்திச் சொல்லிட்டுக் கழட்ட ஒரு பொத்தான் வெச்சுத் தரட்டும்."

"பொத்தானா? வைக்கலாம்," என்றார் ராத்தா. என்னைத் திரும்பிப் பார்த்தார். "எழுத ஆள் இருக்கு."

மூத்தவர் உள்ளே போய்க் கட்டிலில் கிடந்த உறையை எடுத்து வந்து, கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். காக்காவின் கையைத் தான் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்து, அந்த விரலில் மாட்டிவிட்டார்.

நாங்கள் ஒழுங்கையால் திரும்பி நடந்தோம். ராத்தா வெறுங்காலோடு, அவசரமில்லாமல் நடந்தார். கடைக்குள் ஒருவரும் தைக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிந்திட்டீங்க. இனி லுஹருக்குப் பொறவு தொடங்குங்க," என்றார் முதலாளி.

"ஆரு சொன்ன?" என்று கேட்டுவிட்டு ராத்தா கதிரையை இழுத்து இருந்தார். மெசின் தலையில் பச்சை மினுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. துணியைச் சரிசெய்து, ஊசியை இறக்கி, மிதியை அழுத்தினார்.